குற்றம் காணும் கண்: மணியும் அணியும் தேர்ந்தறியும் பாடம்

இல்லறத்தார்க்கு உரிய ஒழுக்கத்தை உரைக்கும் நூலுக்குச் சமந்தபத்திர ஆசாரியர் இட்ட பெயர் இரத்தின கரண்டகம். அதன் வழியில் தமிழில் எழுந்த நூலின் பெயர் அருங்கலச்செப்பு. இரண்டு பெயர்களும் மணிகளை இட்டு வைக்கும் பேழையையே குறிக்கின்றன. நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் ஆகியவற்றை மும்மணி என்று போற்றுவதும் நம் மரபே. இவ்வாறு அறத்துக்கு மணியை உவமை கூறிய முன்னோர், மணி முதலிய பொருள்களைக் கொடுத்து வாங்கும் முறைக்கும் அறம் வகுத்துச் சென்றனர்.

கள்ளாமை என்னும் அணுவிரதத்தின் ஐந்து அதிசாரங்களுள் இரண்டினை இங்கே நினைவுகூர்வோம். அளவையிலும் நிறையிலும் குறைத்துக் கொடுத்தலும் மிகுத்துக் கொள்ளுதலும் ஒன்று. நல்ல பொருளோடு அதனை ஒத்த மட்டமான பொருளைக் கலந்து கொடுத்தல் மற்றொன்று. தத்துவார்த்த சூத்திரம் பின்னதனைப் ‘பிரதிரூபக வியவகாரம்’ என்று வழங்கும்.

கண்ணாடியை மாணிக்கம் என்று கூறி விற்பவர் இவ்விரதத்தை மீறுகின்றார் என்பது வெளிப்படை. ஆனால், தம் கையிலுள்ள கல் இன்னதென்று அறியாமலேயே ‘அசல்’ என்று சொல்லிக் கொடுப்பவர் நிலை யாது? மகளுக்குச் சீராக அட்டிகை அளிக்கும் தாயும், பாகப்பிரிவினையில் நகைகளைப் பங்கிடும் தமையனும், காவிரி பொய்த்த ஆண்டில் விதை நெல்லுக்கும் கூலிக்குமாகத் தோட்டினை விற்கும் குடும்பத் தலைவரும் அந்நிலையில் நிற்பவர்களே. அவர்கள் சொல் மெய்யாக வேண்டுமானால், அவர்கள் கண் முதலில் தேர்ச்சி பெறுதல் வேண்டும். அத்தேர்ச்சிக்கு வேண்டிய அடிப்படைகளை இப்பாடத்தில் காண்போம்.

கரந்தை, கும்பகோணம், மன்னார்குடி, தீபங்குடி முதலிய ஊர்களின் ஜினாலயங்களைச் சார்ந்து வாழ்ந்துவரும் நம் குடும்பங்கள் பலவும் நிலமும் நெல்லுமாக வாழ்ந்தவை. களத்து நெல்லை ஒரு கை அள்ளி, ஊதிப் பதரை நீக்கி, கருக்காயைப் பிரித்து, ஒரு மணியைப் பல்லில் கடித்து ஈரம் அறிந்து விலை பேசும் திறம் நமக்குப் புதிதன்று. நெல்மணியைத் தேர்ந்த அதே பொறுமையே இம்மணிகளைத் தேரவும் வேண்டும்.

தஞ்சைக் கல்வெட்டு காட்டும் நெறி

மணி தேரும் கலைக்குச் சோழநாட்டிலேயே ஆயிரம் ஆண்டுப் பழமையுடைய பாடநூல் ஒன்று கல்லில் உள்ளது. அது தஞ்சைப் பெரிய கோயிலாகிய இராசராசேச்சுரத்தின் கல்வெட்டுத் தொகுதியாகும். முதலாம் இராசராசன் (ஆட்சி கி.பி. 985–1014) தன் 29ஆம் ஆட்சியாண்டு வரை அளித்த அணிகலன்களும், அவன் தமக்கையார் குந்தவையார் அளித்தவையும் அங்கே தனித்தனியே பொறிக்கப்பட்டுள்ளன. அறிஞர் ஹுல்ஷ் அவற்றைத் தென்னிந்தியக் கல்வெட்டுகள் என்னும் வரிசையின் இரண்டாம் தொகுதியில் பதிப்பித்தார்.

அக்கல்வெட்டுகளில் நாம் கற்கவேண்டிய செய்திகள் மூன்று.

முதலாவது, நிறுத்தலில் காட்டிய நேர்மை. பொன்னை நிறுக்க ‘ஆடவல்லான்’ என்னும் எடைக்கல்லும், மணிகளை நிறுக்கத் ‘தக்ஷிணமேரு விடங்கன்’ என்னும் எடைக்கல்லும் தனித்தனியே இருந்தன. 2 குன்றி 1 மஞ்சாடி. 20 மஞ்சாடி 1 கழஞ்சு. ஓர் அணியில் பொன் எவ்வளவு, பதித்த கற்கள் எத்தனை, உள்ளே இட்ட அரக்கும் சேர்ந்து மொத்த நிறை எவ்வளவு, அதன் மதிப்பு எத்தனை காசு என்பன முறையாகச் சொல்லப்பட்டுள்ளன.

இரண்டாவது, வகைப்படுத்தலில் காட்டிய நுட்பம். முத்து என்று ஒரே சொல்லால் கூறி அமையவில்லை. வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, கறடு, இரட்டை, சப்பத்தி என உருவத்தாலும், குளிர்ந்த நீருடையது, சிவந்த நீருடையது என ஒளியாலும் பிரித்துரைத்தனர். கல்லின் ஒளியை ‘நீர்’ என்றும் ‘நீரோட்டம்’ என்றும் இன்றளவும் வழங்கிவருகிறோம்.

மூன்றாவதே இப்பாடத்தின் உயிர் எனலாம். அக்கல்வெட்டுகள் குற்றங்களையும் கூறுகின்றன. வைரங்களுள் புள்ளியுடையவை, முறிவுடையவை, சிவந்த பொட்டும் கரிய பொட்டும் உடையவை, வெந்தாற்போன்ற அடையாளமுடையவை உண்டென்று எழுதினர். மாணிக்கங்களுள் குழியுடையவை, வெட்டுடையவை, துளையுடையவை, வெண்புள்ளியுடையவை, தாய்ப்பாறை நீங்காமல் ஒட்டியிருப்பவை உண்டென்றும் எழுதினர். கொடுத்தவன் பேரரசன், பெற்றது இறைவன் திருக்கோயில். குறை கூற எவரும் நாணும் இடம் அது. ஆயினும் குறை மறைக்கப்படவில்லை.

இதன் பயன் யாது? குற்றம் எழுதப்பட்ட கல்லை எவரும் எளிதில் மாற்றிவைக்க இயலாது. ‘நல்ல மாணிக்கம் ஒன்று’ என்று மட்டும் எழுதியிருந்தால், அதன் இடத்தில் வேறொன்றை வைத்துவிடலாம். ‘வெண்புள்ளியுடைய மாணிக்கம்’ என்று எழுதிவிட்டால், அப்புள்ளியே அக்கல்லின் அடையாளமாகிக் காவல் நிற்கிறது. இக்காலத்து ஆய்வுக்கூடங்கள் பல, கல்லின் உள்ளே காணும் மறுக்களைப் படமாக வரைந்து சான்றிதழில் சேர்ப்பதும் இக்கருத்துப் பற்றியே. அன்று எழுதப்பட்ட அணிகள் இன்று இல்லை. அவற்றின் குணமும் குற்றமும் உரைத்த எழுத்துகள் நிற்கின்றன.

இராசராசனுக்கு மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின், 1315ஆம் ஆண்டில், சைனரான தக்குர பேரு என்பவர் பிராகிருதத்தில் ‘ரயணபரிக்கா’ என்னும் மணி நூலை இயற்றினார். தில்லியில் அலாவுதீன் கில்ஜியின் கருவூலத்து மணிகளைக் கண்டறிந்த அவர், தம் மகனின் பொருட்டு அந்நூலைச் செய்தார். மணி நோக்கும் அறிவைத் தந்தை மக்களுக்குக் கற்பித்தல் நம் சமயத்தாரிடையே நெடுங்காலமாக வரும் வழக்கம் என்பது இதனால் பெறப்படும்.

தோற்றம் ஒன்று, பொருள் வேறு

காவிரி கடலொடு கலக்கும் புகாரில் பிறந்த கோவலன் மதுரையில் உயிர் துறந்ததற்குக் காரணம், சோதனை இன்றி நேர்ந்த ஒரு முடிவேயாகும். சிலப்பதிகாரம் கூறும் கதையில், கண்ணகியின் சிலம்பும் கோப்பெருந்தேவியின் சிலம்பும் புறத்தோற்றத்தால் ஒத்திருந்தன. ஒன்றன் உள்ளிடு பரல் மாணிக்கம். மற்றொன்றன் பரல் முத்து. உடைத்துப் பார்த்த பின்னரே வேறுபாடு விளங்கிற்று. சமண அறவோராகிய கவுந்தியடிகள் வழித்துணையாக வந்து காத்த உயிர், சிலம்பை ஆராயாத ஒரு நாளில் நீங்கியது.

‘போன்றிருத்தல்’ வேறு, ‘அதுவாயிருத்தல்’ வேறு என்பதே இதனால் பெறும் முதற்பாடம். மணி நோக்கில் நிகழும் பிழைகளுள் பெரும்பாலானவை, நிறத்தைக் கொண்டு பொருளை முடிவு செய்வதனால் விளைபவை.

கெம்பு என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். சிவந்த கல் எதனையும் கெம்பு என்று சொல்லிவிடுகிறோம். அது மாணிக்கமாக இருக்கலாம்; ஸ்பினல் என்னும் வேறு கனிமமாக இருக்கலாம்; கார்னெட் இனத்ததாக இருக்கலாம்; வெறும் கண்ணாடியாகவும் இருக்கலாம். பிரித்தானிய முடியில் பதிக்கப்பெற்று, நெடுங்காலம் ‘கறுப்பு இளவரசரின் மாணிக்கம்’ என்று புகழப்பட்ட பெருங்கல், ஆய்வில் ஸ்பினல் என்று தெளிந்தது. அரச கருவூலத்திலேயே அவ்வாறாயின், நம் இல்லத்து அட்டிகையைப் பற்றிக் கூறவேண்டுவதில்லை.

மாணிக்கமும் நீலமும் நிறத்தால் வேறாயினும் பொருளால் ஒன்றே. இரண்டும் குருந்தம் என்னும் கனிமம். ஆங்கிலத்தில் அதற்கு வழங்கும் ‘கொரண்டம்’ என்ற பெயரும் நம் குருந்தத்திலிருந்து சென்றதே. புஷ்பராகம் என்னும் பெயரில் மஞ்சள் நிறக் குருந்தமும் விற்கப்படுகிறது. டோபாஸ் என்னும் கல்லும் விற்கப்படுகிறது. விலை குறைந்த சிட்ரின் என்னும் படிகமும் விற்கப்படுகிறது. இவற்றின் விலைகளுக்குள் பெரும் வேறுபாடு உண்டு. ஆதலின் விலைச்சீட்டில் வழக்குப் பெயரோடு கனிமத்தின் பெயரையும் எழுதித் தருமாறு கேட்டல் நலம்.

நிறையால் அறிதல்

நகையில் பதிக்காத தனிக் கல்லாயின், அதன் ஒப்படர்த்தியைக் கொண்டு பொருளை ஓரளவு துணியலாம். கல்லை முதலில் காற்றில் நிறுத்தல் வேண்டும். பின்னர் மெல்லிய கம்பியில் தொங்கவிட்டு நீரில் மூழ்கியவாறு நிறுத்தல் வேண்டும். காற்றில் உள்ள நிறையை, நீரில் குறைந்த நிறையால் வகுத்தால் ஒப்படர்த்தி கிடைக்கும்.

எடுத்துக்காட்டாக, ஒரு சிவப்புக் கல் காற்றில் 2.00 காரட், நீரில் 1.50 காரட் எனக் கொள்வோம். குறைந்தது 0.50 காரட். 2.00ஐ 0.50ஆல் வகுக்க 4 வரும். குருந்தத்தின் ஒப்படர்த்தி ஏறத்தாழ 4.00. ஸ்பினலுக்கு 3.60. வைரத்துக்கு 3.52. ‘அமெரிக்கன் டைமண்ட்’ எனப்படும் கியூபிக் சிர்கோனியாவுக்கு 6ஐ ஒட்டி வரும். ஆதலால் ஒரே பருமனுள்ள வைரத்தையும் அக்கல்லையும் கையில் வைத்தால், பின்னது ஒன்றரை மடங்குக்கும் மேல் கனக்கும். ஒரு காரட் என்பது 200 மில்லிகிராம். அதில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட். சிறு கல்லின் நிறையை நகைக்கடையின் நுண்தராசில்தான் காணமுடியும்.

இச்சோதனை கல்லின் இனத்தைக் காட்டுமேயன்றி, அது நிலத்தில் விளைந்ததா, உலையில் விளைந்ததா என்பதைக் காட்டாது. அதற்கு உருப்பெருக்கி வேண்டும்.

உருப்பெருக்கியால் அறிதல்

வணிகர் கையாளும் உருப்பெருக்கி 10 மடங்கு பெரிதாக்கிக் காட்டுவது. அதனைக் கண்ணுக்கு மிக அருகில் பிடித்து, கல்லை அதன் பக்கம் கொண்டுவருதல் முறை. நேர்வெயில் படாத பகல் வெளிச்சமே ஏற்றது. முதலில் கல்லைத் துணியால் துடைத்தல் வேண்டும். மேலே படிந்த தூசியை உள்ளிருக்கும் மறு என்று மயங்குவோர் பலர்.

கண்ணாடியாயின் உள்ளே உருண்டைக் குமிழிகள் தென்படும். பட்டைகளின் விளிம்புகள் தேய்ந்து மழுங்கியிருக்கும். சாதாரணக் கண்ணாடியின் கடினம் மோஸ் அளவில் 5½ அளவினது, குருந்தத்துக்கு 9, வைரத்துக்கு 10. பல்லாண்டு அணிந்த நகையில் கண்ணாடி தேய்வதும் குருந்தம் கூர்மை குன்றாதிருப்பதும் இதனாலேயே.

செயற்கை மாணிக்கத்தைச் சுடர் உலையில் வளர்க்கும் முறையைப் பிரெஞ்சு வேதியியலார் வெர்னுய் 1902ஆம் ஆண்டில் வெளியிட்டார். அக்கற்களின் உள்ளே இசைத்தட்டின் வரிகளைப் போல வளைந்த கோடுகள் காணப்படும். இயற்கைக் கல்லிலோ நேர்கோடுகளும், பட்டிழை போன்ற நுண்ணிய ஊசிகளும், வேறு கனிமத் துகள்களும் இருக்கும். இவ்விடத்தில் ஒரு செய்தியை அழுத்திக் கூறுவோம். செயற்கை மாணிக்கம் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக விற்பனையில் உள்ளது. ஆகவே ‘பாட்டி காலத்து நகை’ என்பது கல் இயற்கையானது என்பதற்குச் சான்றாகாது.

இயற்கைக் கல்லிலும் இக்காலத்தில் செயற்கைப் பக்குவங்கள் பல செய்யப்படுகின்றன. மாணிக்கத்தையும் நீலத்தையும் சூடேற்றி நிறம் கூட்டுதல் பரவலான வழக்கம். வெடிப்பு மிகுந்த மட்டமான குருந்தத்தில் ஈயக் கண்ணாடியை உருக்கிச் செலுத்தி மாணிக்கமாக விற்பதும் உண்டு. அத்தகைய கல்லை அசைத்துப் பார்த்தால் உள்ளே நீலப் பளிச்சு தோன்றும். எலுமிச்சைச் சாறும் அதன் மேற்பரப்பைக் கெடுக்கும். பத்தரின் ஊதுகுழல் நெருப்புப் பட்டால் பாழாகும். மரகதத்தின் வெடிப்புகளில் எண்ணெய் ஊட்டுவது பழைய வழக்கம். இப்பக்குவங்களை வெளிப்படக் கூறி அதற்கேற்ற விலைக்கு விற்பது வணிகம். கூறாமல் விற்பது நாம் மேலே கண்ட அதிசாரம்.

பின்புறம் மூடிக் கட்டிய நகையில் மற்றொரு தடை உண்டு. கல்லின் அடியில் வண்ணத் தகடு வைத்து மூடியிருப்பின், நாம் காணும் நிறம் கல்லுடையதா, தகட்டினுடையதா என்று தெரியாது. அத்தகைய நகையில் கல்லின் தரத்தை உறுதியாகக் கூறுதல் வல்லுநர்க்கும் அரிது. விலையுயர்ந்ததாயின், நம்பிக்கையுள்ள பத்தரைக் கொண்டு, நம் கண்முன்னே கல்லை எடுத்துச் சோதித்து மீளக் கட்டுவித்தலே வழி.

வைரம்

சோழமண்டலத்துக் குடும்பங்களில் வைரத்தோடும் மூக்குத்தியும் பேசரியும் பல தலைமுறை கண்டவை. வைரத்தை மதிப்பிட நான்கு அளவைகள் உண்டு. அவை நிறை, நிறமின்மை, தெளிவு, பட்டை தீட்டிய திறம் ஆகும். அமெரிக்க நாட்டின் மணியியல் நிறுவனம் வகுத்த நிற வரிசை, முற்றும் நிறமற்ற ‘டி’ எழுத்தில் தொடங்கி, மஞ்சள் சாயல் கூடக்கூட ‘இசட்’ வரை செல்லும். நிறையைப் பொறுத்தவரை விலை நேர்விகிதத்தில் ஏறுவதன்று. ஒரே தரமுள்ள ஒரு காரட் கல்லின் விலை, அரைக் காரட் கற்கள் இரண்டின் விலையினும் மிகும். ஏழு சிறு கற்கள் கொண்ட தோட்டினை, அதே மொத்த நிறையுள்ள ஒற்றைக் கல்லின் விலைக்கு மதிப்பிடுதல் பிழையாகும்.

நம் பக்கத்தில் ‘புளூ ஜாகர்’ என்னும் பெயரைப் பலரும் கேட்டிருப்பர். தென்னாப்பிரிக்காவின் யாகர்ஸ்ஃபோன்டைன் சுரங்கத்து வைரங்களால் எழுந்த பெயர் அது. அச்சுரங்கம் 1971இல் மூடப்பட்டது. பின்னர் அச்சொல் ஊரைக் குறியாது தரத்தைக் குறிப்பதாயிற்று. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் பட்டுச் சில வைரங்கள் நீலமாக ஒளிரும். அந்நீல ஒளி, கல்லில் உள்ள மெல்லிய மஞ்சளை மறைத்துவிடும். ஆதலின் வைரத்தின் நிறத்தை நேர்வெயிலில் காணாது, நிழலில் வெள்ளைத் தாள் மீது கவிழ்த்து வைத்துக் காணுதல் வேண்டும்.

வீடுகளில் செய்யும் சோதனைகள் சிலவற்றின் எல்லையையும் அறிதல் வேண்டும். மூச்சுக் காற்றை ஊதினால் வைரத்தின் மேல் பனி விரைவில் மறையும் என்பது உண்மை. வைரம் வெப்பத்தை விரைந்து கடத்துவதே காரணம். ஆனால் அதனை மட்டும் கொண்டு முடிவு செய்தல் ஆகாது. சுத்தியலால் அடித்துப் பார்க்கலாம் என்பது பெரும்பிழை. கீறலைத் தாங்கும் வைரம் அடியைத் தாங்காது. அது நான்கு திசைகளில் எளிதில் பிளக்கும் இயல்புடையது. கடைகளில் வெப்பக் கடத்தலைச் சோதிக்கும் சிறு கருவி, கியூபிக் சிர்கோனியாவைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் 1998 முதல் சந்தையில் உள்ள மாய்சனைட் என்னும் செயற்கைக் கல்லை அது வைரம் என்றே காட்டக்கூடும்.

இன்னொரு வகை, ஆய்வுக்கூடத்தில் வளர்க்கப்படும் வைரம். 1954இல் அமெரிக்க ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தார் உயர் அழுத்த முறையில் வைரம் உண்டாக்கினர். இன்று வாயுவிலிருந்து படியச் செய்யும் முறையும் சேர்ந்து, நகைக்கேற்ற கற்கள் பெருமளவில் விளைகின்றன. 2023இல் இந்திய அரசு இத்துறை ஆய்வுக்காகச் சென்னை ஐ.ஐ.டி.க்கு ஐந்தாண்டுத் திட்டமாக ரூ. 242.96 கோடி ஒதுக்கியது. இவை போலி வைரம் அல்ல. இவையும் கரிமமே, இவையும் வைரமே. ஆயினும் நிலத்தில் விளைந்த வைரத்தினும் இவற்றின் விலை மிகக் குறைவு. கண்ணாலும் உருப்பெருக்கியாலும் வெப்பக் கருவியாலும் இவ்விரண்டையும் பிரித்தறிய இயலாது. நிறமாலைக் கருவியுடைய ஆய்வுக்கூடமே கூறவல்லது. ஆகவே பெரிய கல் வாங்குவோர் ஆய்வுக்கூடச் சான்றிதழைக் கேட்டுப் பெற்று, அதன் எண் கல்லின் விளிம்பில் பொறிக்கப்பட்டிருப்பின் ஒப்பிட்டுக் காணுதல் வேண்டும்.

திருச்சி, புதுக்கோட்டை வட்டாரங்களில் செயற்கைக் கற்களுக்குப் பட்டை தீட்டும் தொழில் பல குடும்பங்களுக்குச் சோறிட்டது. செயற்கைக் கல்லைச் செயற்கைக் கல் என்றே சொல்லி விற்கும் அத்தொழிலில் பழுதில்லை. பெயர் மாறும்போதுதான் பழி சேர்கிறது.

முத்தும் பவழமும்

முத்தைப் பல்லின் விளிம்பில் மெல்ல உரசினால் நுண்மணல் போல நெருடும். கண்ணாடியாலோ பிளாஸ்டிக்காலோ செய்த போலி வழவழப்பாக இருக்கும். ஆனால் இயற்கை முத்தும் வளர்ப்பு முத்தும் ஒன்றுபோலவே நெருடும். அவ்விரண்டையும் எக்ஸ் கதிர்ச் சோதனையே பிரித்துக் காட்டும். ஜப்பானியர் மிகிமோட்டோ 1893இல் வளர்ப்பு முத்தில் வெற்றி கண்டார். மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக் கரையில் முத்துக்குளிப்பு இறுதியாக நடந்தது 1961இல். ஆகவே இன்று கடையில் புதிதாக விற்கும் முத்து ஏறக்குறைய எல்லாம் வளர்ப்பு முத்தே என்று கொள்ளுதல் தகும். சிப்பி உயிரினம் என்பதையும், முத்து அதன் உடலினின்று எடுக்கப்படுவது என்பதையும் அறிந்தே, கொல்லாமை பேணும் நம் இல்லங்கள் முத்தணிவது பற்றி முடிவு செய்தல் வேண்டும்.

பவழத்தில் போலிகள் மிகுதி. வெண்ணிறக் கடற்பொருள்களுக்குச் சாயம் ஏற்றி விற்பதுண்டு. நகப்பூச்சு அகற்றும் நீரில் நனைத்த பஞ்சினால் மறைவான ஓரிடத்தில் துடைத்தால், ஒட்டாத சாயம் பஞ்சில் ஏறும். இதுவும் கடைக்காரர் ஒப்புதலோடு செய்யவேண்டியது.

தங்கமும் விலைச்சீட்டும்

கல் இழைத்த நகையில் குடும்பங்கள் அதிகம் இழப்பது போலிக் கல்லால் அன்று. கல்லின் நிறையைத் தங்கத்தோடு சேர்த்து நிறுப்பதனால். ஓர் அட்டிகை மொத்தம் 40 கிராம். அதில் கல் 6 கிராம் என்போம். தங்கம் 34 கிராமே. 40 கிராமுக்கும் தங்க விலை கொடுத்தால், முக்கால் பவுன் தங்கத்தின் விலையைக் கல்லுக்குக் கொடுத்தவராகிறோம். அதன்மேல் செய்கூலியும் சேதாரமும் ஏறும். விற்கும்போதும் அடகு வைக்கும்போதும் அந்த 6 கிராம் கழிக்கப்படும். மொத்த நிறை, கல் நிறை, தங்க நிறை என மூன்றும் தனித்தனியே எழுதிய சீட்டினைப் பெறாமல் எந்தக் கல் நகையையும் வாங்கலாகாது. இராசராசன் காலத்துக் கணக்கர் செய்ததும் இதுவேயன்றோ?

தங்கத்தின் மாற்றினை உரைகல்லில் அறிந்த காலம் போய், ஹால்மார்க் முத்திரை வந்துள்ளது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2000ஆம் ஆண்டில் அதனைத் தொடங்கிற்று. 2021 ஜூன் 16 முதல் படிப்படியாக மாவட்டந்தோறும் அது கட்டாயமாயிற்று. 2023 ஏப்ரல் 1 முதல், அத்திட்டம் நடப்பிலுள்ள இடங்களில், எச்.யூ.ஐ.டி. எனப்படும் ஆறு இலக்க அடையாளக் குறியுடன் கூடிய முத்திரையே செல்லும். அமைவனச் சின்னம், 22 காரட் தங்கத்துக்கு 916 என்னும் தூய்மை எண், அடையாளக் குறி ஆகிய மூன்றும் நகையில் இருத்தல் வேண்டும். அக்குறியை ‘பி.ஐ.எஸ். கேர்’ என்னும் கைப்பேசிச் செயலியில் இட்டுச் சரிபார்க்கலாம். முத்திரையில் கூறியதினும் தூய்மை குறைந்திருப்பின், அவ்வேறுபாட்டின் இருமடங்கை வாங்கியவர் இழப்பீடாகப் பெற விதியுண்டு. ஆனால் இம்முத்திரை தங்கத்துக்கே சான்று; பதித்த கல்லைப் பற்றி அது ஒன்றும் கூறாது. 2 கிராமுக்குக் குறைந்த நகைகளும், குந்தன், போல்கி, ஜடாவ் வகைகளும் இக்கட்டாயத்துக்கு உட்படாதவை.

அறிந்ததை உரைத்தல்

கண் தேர்ச்சி பெற்றபின் நாவின் கடமை எழுகிறது. ‘அவர்கள் கேட்கவில்லை, நாம் ஏன் சொல்லவேண்டும்?’ என்னும் வினா பல இல்லங்களில் எழுவது. தாயின் அணிகள் மூன்று பெண்களுக்குப் பங்கிடப்படும் வேளையில், ஒரு தோடு வைரம், மற்றொன்று செயற்கைக் கல் என்று மூத்தவர்க்கு மட்டும் தெரிந்திருக்கலாம். எண்ணிக்கையால் பங்கு ஒத்திருக்கும், மதிப்பால் ஒவ்வாது. அங்கே வாய் மூடியிருத்தல் நிறை குறைத்துக் கொடுத்தலோடு ஒக்கும். உண்மையைச் சொன்னால் அன்று சிறு மனவருத்தம் நேரலாம். சொல்லாமல் விட்டால், பின்னொரு நாள் அடகுக் கடையில் அத்தங்கை அறியும்போது, கல்லின் விலையோடு தமக்கையின் சொல்லுக்குள்ள விலையும் போய்விடும்.

வாங்குவோர்க்கும் இவ்வறம் பொது. முடை காரணமாக நகை விற்க வந்தவர், தம்மிடமுள்ளது உயர்ந்த கல் என்று அறியாமல் கண்ணாடி விலை கேட்டால், அறிந்தவர் அதனை உரைத்தே வாங்குதல் வேண்டும். நம்ப முடியாத குறைந்த விலைக்கு வரும் நகை எங்கிருந்து வந்தது என்று கேளாமல் வாங்குவதும் ஆகாது. திருட்டுப் பொருளை ஏற்றல் அவ்வைந்து அதிசாரங்களுள் மற்றொன்று.

ஆகவே ஒவ்வோர் இல்லத்திலும் அணிக் குறிப்பேடு ஒன்று வைக்குமாறு பரிந்துரைக்கின்றோம். நகையின் பெயர், மொத்த நிறை, கல் நிறை, கற்களின் எண்ணிக்கை, கனிமப் பெயர், செய்யப்பட்ட பக்குவம், காணும் குற்றம், சோதித்த இடமும் நாளும் ஆகியவற்றைத் தனித்தனிப் பத்திகளில் எழுதலாம். சோதிக்கப்படாத கல்லாயின் ‘தெரியாது’ என்று எழுதுதல் வேண்டும். அதுவும் மெய்யுரையே. சோதிக்காமல் ‘அசல்’ என்று எழுதுவதினும் அது பன்மடங்கு உயர்ந்தது. மிகுபொருள் விரும்பாமை விரதம் ஏற்றவர்கள் தம் உடைமைக்கு வரம்பு வகுக்கும்போதும் இவ்வேடு உதவும்.

பயிற்சி வினாக்கள்

1. இராசராசேச்சுரக் கல்வெட்டுகள் மணிகளின் குற்றத்தைக் கூறியதனால் விளையும் பயன் யாது?

2. ஒரு நீலக் கல் காற்றில் 3.60 காரட், நீரில் 2.60 காரட். அது குருந்தமா, ஸ்பினலா?

3. ‘பழைய நகையாதலால் கல் இயற்கையானதே’ என்னும் கூற்று ஏன் பொருந்தாது?

4. 25 கிராம் நிறையுள்ள நகையில் கல் 3 கிராம். செய்கூலியும் சேதாரமும் எத்தனை கிராமுக்குக் கணக்கிடப்படல் வேண்டும்?

5. உங்கள் இல்லத்து நகை ஒன்றை எடுத்துக் குறிப்பேட்டின் பத்திகளை நிரப்புக. எத்தனை பத்திகளில் ‘தெரியாது’ என்று எழுத நேர்ந்தது?

ஐந்தாம் வினாவுக்குத் தாயும் மகளும் உடனிருந்து விடை காணுதல் சிறப்பு. நகையின் வரலாறு பெரும்பாலும் தாயின் நினைவிலேயே இருக்கும். அதனை எழுத்தில் ஏற்றுதல் மகளின் கடன்.